ஒப்பந்தம் 2026 வரை இருந்தும் எவனபூல் எப்படி அணி மாறினார்?

கேள்வி இதுதான்: பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் ரெம்கோ எவனபூலுக்கு சூடால் குவிக்-ஸ்டெப் அணியுடன் 2026 கடைசி வரை ஒப்பந்தம் இருந்தது. ஆனால் 2025 ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே, அடுத்த சீசனில் அவர் ரெட் புல்-போரா-ஹான்ஸ்க்ரோஹே அணிக்கு ஓட்டுவார் என்று அறிவிப்பு வந்துவிட்டது. அப்படியானால் சைக்கிள் பந்தயத்தில் ஒப்பந்தத்துக்கு என்னதான் மதிப்பு? கால்பந்து போல டிரான்ஸ்ஃபர் தொகை உண்டா? ஏன் எல்லா அறிவிப்பும் ஆகஸ்டில் வருகிறது? பெண்கள் பந்தயத்திலும் இதே விதிகள்தானா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளப் தன் வீரரை இன்னொரு கிளப்புக்கு இத்தனை கோடிக்கு விற்றது என்று கால்பந்தில் படிக்கிறோமே, அந்த வழக்கம் சாலை சைக்கிள் பந்தயத்தில் இல்லை. பெரும்பாலான வீரர்கள் ஒப்பந்தம் முடிகிற டிசம்பர் 31 வரை ஓர் அணியில் இருந்துவிட்டு, ஜனவரி 1 முதல் அடுத்த அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொள்கிறார்கள். பழைய அணிக்கு ஒரு காசும் போவதில்லை. ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போதே கிளம்பினால்தான் நஷ்டஈடு என்ற பேச்சு வரும். அப்போது வீரர், பழைய அணி, புதிய அணி மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐயும் சம்மதிக்க வேண்டும். எவனபூல் போனது இந்த வழியில்.

இது ஏன் இப்படி அமைந்தது என்று புரிய, ஓர் அணிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கால்பந்து கிளப்புக்கு மைதானம் இருக்கிறது, டிக்கெட் விற்கிறது, தொலைக்காட்சி உரிமையில் பங்கு வருகிறது. சைக்கிள் பந்தயம் நடப்பது பொதுச் சாலையில். மலைப்பாதையின் ஓரம் லட்சம் பேர் நின்றாலும் யாரிடமும் டிக்கெட் வாங்க முடியாது. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸின் ஒளிபரப்பு உரிமைப் பணம் அதை நடத்தும் ஏஎஸ்ஓ நிறுவனத்துக்குப் போகிறது, அணிகளுக்கு அல்ல. பரிசுத் தொகையும் பெரிதில்லை. டூரை ஜெயித்தவருக்கு 5 லட்சம் யூரோ, ஒரு ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், ஜெயித்தால் 11,000 யூரோ. அதையும் அணியில் உள்ள எல்லோருக்கும், மசாஜ் செய்பவர், மெக்கானிக் உட்பட, பிரித்துக் கொடுப்பதுதான் மரபு.

ஆக, ஓர் அணியின் வருமானம் கிட்டத்தட்ட முழுக்க ஸ்பான்சர் கொடுக்கும் பணம்தான். அணியின் பெயரே ஸ்பான்சரின் பெயர். சூடால் பெல்ஜியத்தில் பசையும் சீலன்டும் செய்யும் நிறுவனம், குவிக்-ஸ்டெப் தரைவிரிப்புப் பலகை செய்யும் நிறுவனம். இந்த ஸ்பான்சர்கள் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்றுதான் கையெழுத்திடுவார்கள். ஒருவர் விலகினால் அணியின் பெயர் மாறும். மாற்று ஆள் கிடைக்காவிட்டால் அணியே மறைந்துவிடும். 2011-இல் உலகிலேயே அதிக வெற்றி பெற்றுக்கொண்டிருந்த எச்டிசி-ஹைரோடு அணி, புது ஸ்பான்சர் கிடைக்காமல் அந்த ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. அதன் ஸ்பிரின்டர், அதாவது கடைசிச் சில நூறு மீட்டர் வேகத்தில் ஜெயிப்பவரான மார்க் கேவண்டிஷ், அந்த செப்டம்பரில்தான் உலக சாம்பியன் ஆகியிருந்தார். மூன்று வருடத்தில் இருப்போமா என்றே தெரியாத ஓர் அணி, வீரர்களை வாங்கி விற்று லாபம் பார்க்கும் கணக்கைப் போட முடியாது. டிரான்ஸ்ஃபர் சந்தை இங்கே வளராமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இனி ஆகஸ்ட் விஷயம். யூசிஐ விதிப்படி அடுத்த சீசனுக்கான அணி மாற்றங்களின் காலம் பல ஆண்டுகளாக ஆகஸ்ட் 1 அன்றுதான் தொடங்குகிறது. ஜூலைக் கடைசியில் டூர் முடிந்திருக்கும், சீசனின் பெரும்பகுதி ஓடியிருக்கும். இதற்குப் பின்னால் நியாயமான பயம் ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் ஒரு வீரர் முன்னால் போய்க் காற்றை வெட்டுவதா, பின்னால் ஒளிந்துகொள்வதா, துரத்துவதா, விட்டுவிடுவதா என்பதெல்லாம் நொடியில் எடுக்கும் முடிவுகள். அடுத்த வருடம் எந்த அணிக்குப் போகப்போகிறார் என்று மே மாதமே எல்லோருக்கும் தெரிந்தால், அவர் ஒரு கணம் தயங்கினாலும் சந்தேகம் வரும். இப்போதைய அணி அவரை நம்பி முக்கியமான பந்தயத்துக்கு அழைத்துப் போகவும் யோசிக்கும்.

ஆனால் பேச்சுவார்த்தை ஆகஸ்டில்தான் ஆரம்பிக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய பெயர்களின் விஷயம் வசந்தகாலப் பந்தயங்கள் நடக்கும்போதே பாதி முடிந்திருக்கும். டூரின் ஓய்வு நாட்களில் அணிகள் தங்கும் ஹோட்டல்களில் ஏஜென்ட்டுகளைப் பார்க்கலாம். லெக்கிப், லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட், ஹெட் நியூஸ்பிளாட் போன்ற பத்திரிகைகள் வாரக்கணக்கில் முன்கூட்டியே எழுதிவிடும். ஆகஸ்ட் 1 காலையில் வரிசையாக வரும் அறிவிப்புகளில் பாதிக்கு மேல் ரசிகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாகவே இருக்கும். இருக்கிற அணியிலேயே நீடிக்கும் அறிவிப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆகஸ்ட் முதல் பாதியில் மட்டும், நிபந்தனைகளுடன், சீசன் நடுவிலேயே அணி மாறவும் ஒரு சின்ன வாசல் உண்டு. அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. அதே ஆகஸ்ட் 1 முதல் இளம் வீரர்கள் சிலரைப் பெரிய அணிகள் பயிற்சி வீரராக எடுத்துச் சீசன் முடியும்வரை ஓட்டிப் பார்க்கும். பலருக்கு முதல் ஒப்பந்தம் கிடைப்பது அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும்? இதற்கு இரண்டு வழக்குகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட். சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் குளிர்காலப் பந்தயமான சைக்ளோகிராஸில் மூன்று முறை உலக சாம்பியனாக இருந்தபோது வெராண்டாஸ் வில்லெம்ஸ்-க்ரெலான் என்ற சின்ன பெல்ஜிய அணியில் இருந்தார். ஒப்பந்தம் 2019 முடியும் வரை. அந்த அணியை இன்னோர் அணியுடன் இணைக்கும் திட்டம் வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. 2018 செப்டம்பரில், அணியின் மேல் தவறு என்று சொல்லி ஒப்பந்தத்தைத் தானே முறித்துக்கொண்டார். குளிர்காலம் முழுக்கப் பெரிய அணி எதிலும் சேராமல் சைக்ளோகிராஸ் ஓட்டிவிட்டு, 2019 மார்ச் 1 அன்று யம்போ-விஸ்மாவில் சேர்ந்தார். பழைய அணியை நடத்திய நிறுவனம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் வான் ஆர்ட் ஜெயித்தார். மேல்முறையீட்டில் தோற்றார். 2021-இல் ஆண்ட்வெர்ப் தொழிலாளர் நீதிமன்றம் அவர் 6,62,000 யூரோ நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: பணம் கட்டச் சொன்னது புதிய அணியை அல்ல, வீரரை. இந்த விஷயத்தை விளையாட்டுக்கான தனி நடுவர் மன்றம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு தொழிலாளி வேலையை விட்டுப் போனதாகவே எடுத்துக்கொண்டு, சாதாரணத் தொழிலாளர் சட்டத்தின்படி பார்த்தார்கள். பெல்ஜியத்தில் ஒரு மாதிரி, பிரான்ஸில் ஒரு மாதிரி, வேறு நாட்டில் இன்னொரு மாதிரி என்று அணி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம்.

இரண்டாவது சியான் ஆய்ட்டப்ரூக்ஸ். இவரும் பெல்ஜியம்தான். 2023-இல் 20 வயதில், தன் முதல் மூன்று வாரப் பந்தயமான ஸ்பெயினின் வுவெல்டாவில் எட்டாவதாக வந்தார். அப்போதைய அணி போரா-ஹான்ஸ்க்ரோஹே, ஒப்பந்தம் 2024 முடிய. அந்த டிசம்பர் 9 அன்று விஸ்மா அணி (முன்பு சொன்ன யம்போ-விஸ்மாதான்) இவர் எங்களிடம் வருகிறார் என்று அறிவித்தது. போரா அன்றே பதில் அறிக்கை விட்டது: அவர் 2024 கடைசி வரை எங்கள் வீரர். ஏஜென்ட் தரப்போ ஒப்பந்தம் டிசம்பர் 1 அன்றே முறிந்துவிட்டது என்றது. இடையில் மாட்டிக்கொண்டது அந்தப் பையன்தான். ஒரே நேரத்தில் இரண்டு அணிகள் தங்கள் வீரர் என்று சொல்லிக்கொண்டிருந்தன. விஸ்மாவின் பயிற்சி முகாமுக்குப் போனார், ஆனால் அவர்களுடைய ஜெர்சியைப் போட முடியவில்லை. எந்தப் பெயரும் இல்லாத உடையில் பயிற்சி செய்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டு தன் சம்மதத்தையும் பெற்றால்தான் நடுவில் மாற முடியும் என்று யூசிஐ நினைவூட்டியது. கடைசியில் போராவுடன் சமரசம் ஏற்பட்டு அவர் விஸ்மாவுக்குப் போனார்.

இந்த இரண்டு சண்டைக்கும் பிறகு எல்லோரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரிய பெயர்கள் நடுவில் போவது நிற்கவில்லை. பேசி முடித்துவிட்டுப் போகிறார்கள். டாம் பிட்காக்குக்கு இனியோஸ் கிரெனடியர்ஸுடன் 2027 வரை ஒப்பந்தம். 2024 டிசம்பரில் இரு தரப்பும் பரஸ்பரம் பிரிவதாக அறிவித்தன. அவர் போனது க்யூ36.5 என்ற இரண்டாம் நிலை அணிக்கு. பெரிய பந்தயங்களுக்கு அழைப்பு வந்தால்தான் போக முடியும். பலர் இதைப் பின்னடைவு என்றார்கள். 2025 வுவெல்டாவில் அதே அணியோடு மூன்றாவதாக வந்தார்.

ஹுவான் ஆயுசோவின் பிரிவு இவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. 19 வயதில் வுவெல்டாவில் மூன்றாவதாக வந்தவர், யூஏஇ அணியுடன் 2028 வரை ஒப்பந்தம். 2025 வுவெல்டா நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 1 ஓய்வு நாளில், ஒப்பந்தம் முன்கூட்டியே முடிகிறது என்று அணி அறிவித்தது. மூன்று நாள் கழித்து அவர் அதே ஜெர்சியில் ஒரு ஸ்டேஜை ஜெயித்தார். இப்போது லிடில்-ட்ரெக்கில் இருக்கிறார். அந்த மூன்று வாரங்கள் பார்ப்பதற்கே கஷ்டமாக இருந்தன. ஒரே பேருந்தில் வருகிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஆனால் யார் யாருக்காக உழைக்கிறார்கள் என்று தினமும் விவாதம்.

ஒப்பந்தம் மிச்சமிருக்கும் ஒருவரை அணிகள் ஏன் விடுகின்றன? காரணம் எளிது. மனசில்லாத வீரரைப் பிடித்து வைப்பதால் பயனில்லை. ஸ்பிரின்டருக்காக வரிசையாக முன்னால் ஓட்டும் ஸ்பிரின்ட் ரயிலில் ஒருவர் அரை நொடி முன்னதாக விலகினால் போதும், பந்தயம் போச்சு. அப்புறம் கணக்கும் இருக்கிறது. அணி யாருக்காக உழைக்கிறதோ அந்தத் தலைமை வீரர் ஒருவரின் சம்பளம் போனால் அந்தப் பணத்தில் மூன்று நான்கு நல்ல வீரர்களை எடுக்கலாம். மேலே நஷ்டஈடும் வரும். 2023-இல் யம்போ-விஸ்மா ஒரே ஆண்டில் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தது: இத்தாலியின் ஜீரோவில் ரோக்லிச், டூரில் விங்கெகார்ட், வுவெல்டாவில் கஸ். மூன்று தலைவர்களை ஒரே அணியில் வைத்திருக்க முடியாது என்பது அந்த வுவெல்டாவிலேயே தெரிந்துவிட்டது. அந்த அக்டோபரிலேயே ரோக்லிச் போராவுக்குப் போனார். அவருக்கும் ஒப்பந்தம் மிச்சமிருந்தது.

அதற்குச் சற்று முன், செப்டம்பர் கடைசியில்தான், யம்போ-விஸ்மாவையும் சூடால் குவிக்-ஸ்டெப்பையும் ஒன்றாக இணைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எவனபூலின் அணி மாற்றத்தை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். இரண்டு அணிகளுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அறுபது வீரர்கள். ஓர் அணியில் இருக்கக்கூடியது சுமார் முப்பது பேர். மீதிப் பேர் எங்கே போவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மெக்கானிக்குகள், ஓட்டுநர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் பத்திரிகையைப் படித்துத் தங்கள் வேலை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. அக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் எவனபூல் போன்ற ஒருவருக்கு, ஒரே போட்டியில் சாலைப் பந்தயத்தையும், தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் நேர ஓட்டத்தையும் ஜெயிக்கக்கூடியவருக்கு, டூரை ஜெயிக்க இந்த அணி போதுமா என்ற கேள்வி அன்றிலிருந்து தீரவே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், அதே ஆண்டு டூரில் மூன்றாவது இடம். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு பேரின் அணிகளில் மலையில் கடைசி வரை கூட வர நான்கைந்து பேர் இருந்தார்கள். 2024-இல் ரெட் புல் நிறுவனம் போரா அணியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய பிறகு, அந்த மாதிரி ஓர் அணியைக் கட்டப் பணம் உள்ள இடம் எது என்பது தெளிவாகிவிட்டது. 

ஒன்றைக் கவனித்தீர்களா? எவனபூலோடு மத்தியா கத்தானேயோ என்ற உதவி வீரரும் அதே அணிக்குப் போனார். இது தற்செயல் இல்லை. பெரிய வீரரின் பேச்சுவார்த்தையில் சம்பளம் ஒரு பகுதிதான். யாரை உடன் அழைத்து வரலாம், எந்தப் பயிற்சியாளர், எந்தப் பந்தயத்தில் தலைமை, டூருக்குப் போவது உறுதியா, தலைக்கவசத்தில் சொந்த ஸ்பான்சரின் பெயரைப் போடலாமா, மலை சைக்கிளோ சைக்ளோகிராஸோ ஓட்ட அனுமதி உண்டா என்று எல்லாமே பேசப்படும். சம்பளத் தொகையை அணிகள் வெளியிடுவதில்லை. 2024 அக்டோபரில் டூர் சாம்பியன் பொகாச்சார் யூஏஇ அணியுடன் 2030 வரை நீட்டித்தபோது ஆண்டுக்கு சுமார் 80 லட்சம் யூரோ என்று ஊடகங்கள் எழுதின. மறுபக்கம், வேர்ல்ட் டூர் எனப்படும் முதல் நிலை அணியில் ஊழியராக இருக்கும் வீரருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2021-இல் சுமார் 40,000 யூரோ, புதிதாக வருபவருக்கு அதைவிடக் குறைவு. வீரர் சங்கமும் அணிகளின் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் வரும் தொகைகள் இவை. காப்பீடும் வரியும் தானே பார்த்துக்கொள்ளும் சுயதொழில் வீரருக்குத் தொகை கூடுதல்.

சரி, இதுவரை சொன்னது நட்சத்திரங்களின் கதை. நான் உண்மையில் சொல்ல விரும்புவது மறுபக்கம். வீரர் அணியை விட்டுப் போவது செய்தியாகிறது. அணி வீரரை விட்டுப் போவதுதான் இந்த விளையாட்டில் அடிக்கடி நடப்பது, அதிகம் வலிப்பதும் அதுவே.

கேவண்டிஷின் கடைசி நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் கென்ட்-வெவல்கெம் பந்தயம் முடிந்ததும் கேமரா முன் கண்ணீரோடு நின்று, இது என் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்றார். டூரில் 30 ஸ்டேஜ் ஜெயித்தவருக்கு அடுத்த ஆண்டுக்கு அணி இல்லை. குவிக்-ஸ்டெப் டிசம்பரில் ஓராண்டுக்கு மட்டும், குறைந்த சம்பளத்தில் எடுத்தது. 2021 டூருக்கு அவர் திட்டத்திலேயே இல்லை; சாம் பென்னட்டின் முழங்கால் சரியில்லாததால் கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். நான்கு ஸ்டேஜ் ஜெயித்தார். மொத்தம் 34, டூரில் அதிக ஸ்டேஜ் ஜெயித்த எடி மெர்க்ஸின் சாதனைக்குச் சமம். ஆனால் 2022 டூருக்கு அணி ஃபாபியோ யாகப்சனைத் தேர்ந்தெடுத்தது. யாகப்சனும் இரண்டாவது ஸ்டேஜையே ஜெயித்தார், எனவே அணியைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஆண்டு இறுதியில் ஒப்பந்தம் முடிந்தது. 35-வது வெற்றிக்கு அவருக்குத் தேவைப்பட்டது டூருக்குப் போகும் ஓர் அணி. பி அண்ட் பி ஹோட்டல்ஸ் என்ற பிரெஞ்சு அணி பெரிய திட்டத்தோடு வந்தது. புது ஸ்பான்சர்கள், பாரிஸ் நகரத்தின் பெயர், பெண்கள் அணி, ஸ்பிரின்டுக்கு கேவண்டிஷ். அக்டோபர், நவம்பர் என்று அறிமுக நிகழ்ச்சி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அணியின் மேலாளர் ஜெரோம் பினோ, பணம் கூடவில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீரர்களிடம் சொல்லிவிட்டார்.

டிசம்பர் என்பதுதான் இங்கே கொடுமை. மற்ற அணிகளின் பட்டியல் நிரம்பிவிட்டிருக்கும், முதல் பயிற்சி முகாம் தொடங்கியிருக்கும். கையில் மிச்சம் இருக்கும் பணமும் சொற்பம். ஆல்ப் டியூவெஸ் மலையில் 2011-இல் டூர் ஸ்டேஜ் ஜெயித்த பியர் ரோலான் அந்த அணியில் இருந்தார். 36 வயதில், போக இடமில்லாமல், ஓய்வை அறிவித்துவிட்டார். அவர் பெயராவது நமக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில் சுமந்து, காற்றில் முன்னால் நின்று காலம் கழித்த வீரர்களுக்கு அந்த டிசம்பர் எப்படி முடிந்தது என்று பெரும்பாலும் ஒரு வரிச் செய்தி கூட வராது.

கேவண்டிஷுக்கு 2023 ஜனவரி நடுவில், சீசன் ஆரம்பித்த பிறகு, கஜகஸ்தானின் அஸ்தானா அணியில் இடம் கிடைத்தது. ஏறும் மலைக்காகவே கட்டப்பட்ட அணி அது. ஸ்பிரின்டருக்கு வழி அமைத்துக் கொடுக்க ஆளே இல்லை. அந்த வேலைக்கு ஸேஸ் போல் என்ற ஒருவர் மட்டும் கூடவே வந்தார். மே மாதம் ஜீரோவின் நடுவே, இந்த ஆண்டோடு ஓய்வு என்றார். அதே ஜீரோவின் கடைசி ஸ்டேஜை ரோமில் ஜெயித்தார். ஜூலையில் டூரின் ஏழாவது ஸ்டேஜில் போர்தோவில் இரண்டாவது. மறுநாள் விழுந்து காறை எலும்பு உடைந்தது. ஓய்வு முடிவை மாற்றிக்கொண்டு 2024-க்கும் கையெழுத்திட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அஸ்தானா செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த டிரான்ஸ்ஃபர் கதை. வெளியில் இருந்து பார்த்தால் சின்னச் சின்ன அறிவிப்புகள்: மைக்கேல் மோர்கோவ் வருகிறார், பயிற்சியாளர் வசிலிஸ் அனாஸ்தோபுலோஸ் வருகிறார், பழைய எச்டிசி காலத்துத் தோழர் மார்க் ரென்ஷா அணி இயக்குநராகிறார். மூவரும் கேவண்டிஷோடு முன்பே வேலை செய்தவர்கள். மோர்கோவ்தான் 2021-இல் அந்த நான்கு ஸ்டேஜிலும் அவருக்கு முன்னால் ஓட்டியவர். ஒரே ஒரு ஸ்டேஜுக்காக ஓர் அணி தன்னை மாற்றியமைத்தது. 2024 ஜூலை 3, சாங்-வுல்பா, 35-வது வெற்றி. அப்போது அவருக்கு 39 வயது.

2025 கடைசியிலும் இதே மாதிரி ஒரு குளிர்காலம். அர்கேயா அணிக்கு ஸ்பான்சர் கிடைக்காமல் மூடினார்கள். இன்டர்மார்ஷே-வான்டியும் லோட்டோவும் ஒன்றாக இணைந்தன. எரித்ரியாவின் பினியாம் கிர்மாய் 2024 டூரில் மூன்று ஸ்டேஜும், புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியும் இன்டர்மார்ஷேக்கு வாங்கிக் கொடுத்தவர். ஒப்பந்தம் 2028 வரை. அணி இணைந்த பிறகு அந்தத் தாளின் பொருளே மாறிப்போனது. என்எஸ்என் அணிக்குப் போனார். எவனபூல் ஒப்பந்தத்தை மதிக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் கிர்மாயின் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். இரண்டு தரப்புமே 2028 என்று எழுதுகின்றன. அந்த வருடம் வரை நின்று காட்டுவோம் என்ற உத்தரவாதம் அணியிடம் இல்லை.

பாதுகாப்பே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. உரிமம் வாங்கும்போது ஒவ்வோர் அணியும் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அணி திவாலானால் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சில மாதச் சம்பளத்தை யூசிஐ அதிலிருந்து கொடுக்கும். புதிதாகத் தொழில்முறைக்கு வரும் இளைஞருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இது நல்ல விதி, ஏனென்றால் முதல் வருடம் முழுக்க மற்றவர்களின் வேகத்துக்குப் பழகுவதிலேயே போய்விடும். ஆனால் எவனபூல் 2019-இல் ஜூனியர் வகுப்பிலிருந்து நேராகப் பெரிய அணிக்குத் தாவி வெற்றியும் பெற்ற பிறகு, 17, 18 வயதுப் பையன்களுக்கு நான்கைந்து ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கும் போட்டி அணிகளுக்குள் வந்துவிட்டது. பிரான்ஸின் பால் செக்சாஸ் 18 வயதில் 2025-இல் முழுநேர வீரரானார். அவர் போன்ற அபூர்வமானவர்களுக்குச் சரி. 18 வயதில் போட்ட கையெழுத்து 21 வயதில் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு ஆயுசோவும் ஆய்ட்டப்ரூக்ஸும் உதாரணம். இந்த வயதில் நீண்ட ஒப்பந்தத்தைவிட நடுவில் வெளியேறும் விதி தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் நல்லது என்பது என் கருத்து.

கடைசியாகப் பெண்கள் பந்தயம். அணி மாற்ற நடைமுறை அதேதான், ஆனால் அடிப்படை உரிமைகள் மிகத் தாமதமாக வந்தன. முதல் நிலைப் பெண்கள் அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் என்பதே 2020-இல்தான் வந்தது: 15,000 யூரோ. 2021-இல் 20,000, 2022-இல் 27,500 என்று ஏறியது. இப்போது நட்சத்திரங்களை இழுக்கும் போட்டி அங்கும் சூடுபிடித்துவிட்டது. 2023 பெண்கள் டூரை ஜெயித்து, 2024-இல் வெறும் 4 நொடியில் தோற்ற டெமி ஃபோலரிங், எஸ்டி வொர்க்ஸிலிருந்து பிரெஞ்சு அணியான எஃப்டிஜேவுக்கு 2025-இல் போனார். அதே ஆண்டு விஸ்மாவில் சேர்ந்த பவுலின் ஃபெரான்-பிரெவோ அந்த ஜூலை-ஆகஸ்டில் டூரையே ஜெயித்தார்.

பெண்கள் ஒப்பந்தத்தில் ஆண்களுக்கு இல்லாத ஒரு பகுதி உண்டு: மகப்பேறு. 2020-க்கு முன் கர்ப்பம் என்றால் பல வீராங்கனைகளுக்கு வேலை போனது என்றே பொருள். இப்போது மூன்று மாதம் முழுச் சம்பளம், மேலும் ஐந்து மாதம் பாதிச் சம்பளம் என்று கூட்டு விதியில் இருக்கிறது. அந்த விதி வருவதற்கு முன்பே, 2018 ஜூலையில், ட்ரெக் நிறுவனம் தொடங்கிய புதிய பெண்கள் அணி லிசி டைக்னனை ஒப்பந்தம் செய்தது. முன்னாள் உலக சாம்பியன், ஆனால் அப்போது கர்ப்பமாக இருந்தார். குழந்தை பிறந்தது செப்டம்பரில். 2021 அக்டோபரில் பெண்களுக்கு முதன்முறையாக, கல் பாவிய கரடுமுரடான சாலைகளில் ஓடும் பாரிஸ்-ரூபே பந்தயம் நடத்தப்பட்டபோது, 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி, கைப்பிடியில் ரத்தம் படிய, அதை ஜெயித்தவர் அவர்.